கல்லாவுக்கு மட்டும் ‘நம்ம ஆளு’

தமிழ்நாட்டின் எந்த நகரத்துக் கடைவீதிக்கும் போங்கள். நான்கு மாடியோ ஐந்து மாடியோ உள்ள ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழையுங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். வாசலில் கைகூப்பி வரவேற்பவர், சேலையை விரித்துக் காட்டுபவர், விரித்ததை மடித்து அடுக்குபவர், பில் போடுபவர், பணம் வாங்குபவர், பையில் போட்டுக் கொடுப்பவர், குடோனில் மூட்டை இறக்குபவர், கழிப்பறை கழுவுபவர். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர் ஊரா காலனியா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் உங்கள் கையில் ஒரு கிராமத்தின் வரைபடம் இருக்கும்.

முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கு முன்பு, எம்.ஃபில். முடித்த கையோடு, உதவித்தொகை எதுவும் இல்லாத இடைக்காலத்தில் சென்னையில் ஒரு ஜவுளிக் கடையில் இரண்டேகால் ஆண்டு வேலை பார்த்தேன். முதல் ஏழு மாதம் சேலைப் பிரிவில் சூப்பர்வைசர். அதற்குப் பிறகு உதவி மேலாளர். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு முழு மாடிக்கும் பொறுப்பாளராக இருக்கிறார் என்றால், ‘பாருங்கள், வியாபாரத்தில் சாதி இல்லை’ என்பதற்கு அதுவே சான்று போலத் தோன்றும். என்னைக் காட்டியே அப்படிச் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பதவி எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பார்த்தால்தான் இந்தச் சான்றின் மதிப்பு விளங்கும்.

பெயரில் இல்லாத சாதி

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். தமிழ்நாட்டில் ஒருவரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதியைச் சொல்லிவிட முடியாது. வடநாட்டு ஆய்வு நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. ஆனால் பெயரை விட்டுப் போன சாதி, நேர்காணல் கேள்விக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

என்னிடம் கேட்கப்பட்டவை இவை: சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியிலயா? அப்பா என்ன பண்றார்? சொந்த நிலமா, கூலியா? குலசாமி கேள்வி வரைக்கும் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் பெயர் இருந்தது. ‘ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி’ என்று அச்சடித்த தாளை நீட்டிய பிறகு யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. நமக்காக அரசு கட்டிக்கொடுத்த பள்ளியின் பெயரே நம் நெற்றியில் ஒட்டிய சீட்டாக ஆயுசுக்கும் கூட வருகிறது.

வேலை கிடைத்தது. ஆடித் தள்ளுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலமும் கொஞ்சம் தெலுங்கும் பேசத் தெரிந்த, இருப்புப் பதிவேடு எழுதத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய சாதி எல்லா நேரமும் ‘உனக்கு வேலை கிடையாது’ என்று சொல்வதில்லை. எந்த வேலை, எந்த இடத்தில், எதுவரைக்கும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

இது என் அனுபவம் மட்டுமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் நடத்தி, 2007இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் வெளிவந்த ஆய்வை நம்மில் பலர் அறிவோம். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று வந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்தார்கள். ‘நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்’ என்ற அதே மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். டெல்லியில் ‘குடும்பப் பின்னணி’ என்பதற்கு நம் கடைவீதி மொழிபெயர்ப்பு ‘எந்தத் தெரு?’.

நம்பிக்கை என்னும் சாதிச் சொல்

கடையில் ஒரு நாளைக்கு இருபது முறை காதில் விழும் சொல் ‘நம்பிக்கை’. வாடிக்கையாளருக்கும் கடைக்கும் நடுவே உள்ள நம்பிக்கையைச் சொல்லவில்லை. முதலாளிக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள நம்பிக்கையைச் சொல்கிறேன்.

என் மாடியில் ஒரு பெண் வேலை செய்தார். தென் மாவட்டத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்தவர், பி.காம். படித்தவர். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் பில்லிங் கம்ப்யூட்டர் இரண்டு மணி நேரம் நின்றுபோனபோது, தள்ளுபடியையும் ஜி.எஸ்.டி.யையும் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டு, வரிசையில் நின்றவர்களை அனுப்பிவைத்தார். இரவு சரிபார்த்தபோது ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அடுத்த மாதம் கேஷ் கவுண்டரில் ஓர் இடம் காலியானது. சம்பளம் 3,000 ரூபாய் அதிகம். அதைவிட முக்கியம், அது உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டுச் சொன்னார்: “நல்ல பிள்ளைதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கல்லாவுக்கு நம்ம ஆளு வேணும்மா.”

பத்து நாளில் முதலாளியின் சொந்த ஊரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. கணக்கு வரவில்லை. மூன்று வாரம் பக்கத்தில் நின்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பெண்தான். அவன் உட்கார்ந்திருந்தான், அவர் நின்றிருந்தார். நான் இதை மறுபடியும் கொண்டுபோய் நிர்வாகத்திடம் கேட்டேன். கிடைத்த பதில்: “நீ இப்ப மேனேஜ்மென்ட்டும்மா. ஸ்டாஃப் மாதிரி பேசாத.” பொங்கல் முடிந்து அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். கணக்கில் ஒரு நாளும் தவறாதவர், ‘நம்ம ஆளு’ கணக்கில் தவறிப்போனார்.

இந்த ‘நம்ம’ யார்? இருநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் கடையில், எல்லோரும் ஒரே கடைச் சீருடை போட்டிருக்கும் இடத்தில், ‘நம்ம’ என்ற சொல் ஏழெட்டுப் பேரோடு நின்றுவிடுகிறது. கொள்முதல், கல்லா, குடோன் சாவி. இந்த மூன்றும் ‘நம்ம’வுக்கு. விற்பனை எல்லோருக்கும். சுமை, குப்பை, கழிப்பறை எங்களுக்கு; அதுவும் கடையின் நேரடி ஆட்களாக இல்லாமல் ஒப்பந்தக்காரரின் ஆட்களாக. நம்பிக்கை என்பது ஒருவரின் நடத்தையைப் பார்த்து வருவது என்றால், அந்தப் பெண்ணின் துண்டுச் சீட்டுகள் போதும். பிறப்பைப் பார்த்து முன்கூட்டியே தரப்படும் நம்பிக்கைக்குச் சாதி என்று பெயர். அதன் மறுபக்கமும் பிறப்பைப் பார்த்தே வருகிறது. இருப்பில் ஒரு பட்டுச் சேலை குறைந்தால், ஊழியர் விடுதியில் முதலில் யாருடைய பெட்டி திறக்கப்படும் என்று அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதே கதையை இன்னொரு ஜவுளித் தொழிலில், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அண்ணல் அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோர் சேர்க்கப்படவில்லை. நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்தது. எச்சில் பட்டால் தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்களே தடுத்தார்கள். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் தொழிற்சங்கத் தலைவர்களிடம் இந்தக் கேள்வியை அவர் எழுப்பினார். 1938இல் மன்மாட்டில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் நமக்கு இரு எதிரிகள் என்று அவர் சொன்னபோது, பின்னணியில் இந்த ஆலை அனுபவமும் இருந்தது. அன்று நூலைத் தொடக் கூடாது என்றார்கள். இன்று நூலைத் தொடலாம், சேலையைத் தொடலாம், விரிக்கலாம், மடிக்கலாம். பணத்தைத் தொடுவதில்தான் வந்து நிற்கிறது.

தொழிலாளியும் இல்லை, மேலாளரும் இல்லை

இனி அந்தப் பதவிக்கு வருகிறேன். உதவி மேலாளராக என் வேலை காலை 9 மணிக்கு வருகைப் பதிவேட்டோடு தொடங்கும். யார் வரவில்லை, யாரை எந்தப் பிரிவுக்கு மாற்றுவது, எந்த ரகம் தீர்ந்தது, எந்த வாடிக்கையாளர் சத்தம் போடுகிறார், யார் கைப்பேசி பார்க்கிறார், யார் சுவரில் சாய்ந்து நிற்கிறார். இரவு இருப்புக் கணக்கை முடித்துப் படியிறங்கும்போது 10 மணி தாண்டியிருக்கும். திருவிழாக் காலத்தில் 12.

என்னால் ஒருவரை வேலைக்கு எடுக்க முடியாது. நீக்க முடியாது. ஒரு நாளுக்கு மேல் விடுப்புக் கொடுக்க முடியாது. பத்து ரூபாய்க்குக்கூடக் கையெழுத்துப் போட முடியாது. கடையின் ஒரு சாவிகூட என்னிடம் கிடையாது. முதலாளியின் அண்ணன் மகன், என்னைவிட ஐந்து வயது இளையவர், எல்லோருக்கும் ‘சின்ன முதலாளி’. அவருக்கு நான் “இந்தாம்மா”.

அப்படியானால் அந்தப் பதவி எதற்கு? சட்டத்தைப் புரட்டினால் விடை இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. வார விடுமுறையைக் கட்டாயமாக்குகிறது. 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், வேலையிடத்தில் உட்கார இருக்கை வேண்டும் என்று அதில் சேர்த்தது. ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, ‘நிர்வாகப் பொறுப்பில்’ இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டமும் நிர்வாகப் பணியில் இருப்பவரைத் தொழிலாளியாகக் கருதவில்லை. ஆகவே ‘உதவி மேலாளர்’ என்று ஓர் அட்டையைச் சட்டைப்பையில் குத்திவிட்டால், 13 மணி நேர வேலைக்குக் கணக்குக் கேட்க வேண்டிய ஒருவர் குறைகிறார். வழக்கு என்று வந்தால் நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையின் தன்மையைத்தான் பார்க்கின்றன. ஆனால் மாதச் சம்பளத்தில் வாடகை கட்டுகிறவர் வழக்கு வரைக்கும் போக வேண்டுமே!

பதவி உயர்வில் என் சம்பளம் 18,500 ரூபாயிலிருந்து 21,500 ரூபாய் ஆனது. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு அப்போது 21,000. கூடுதலாக வந்த 3,000 ரூபாயில் மேலேயிருந்த 500 ரூபாய், சில மாதங்களில் என் மருத்துவ அட்டையைச் செல்லாததாக்கியது. இதெல்லாம் தற்செயலா என்று கேட்கலாம். என்னோடு அந்தக் கடையில் இருந்த நான்கு உதவி மேலாளர்களில் ஒருவர்கூட முதலாளியின் சாதியைச் சேர்ந்தவர் இல்லை. ஐந்து மேலாளர்களில் ஒருவர்கூட வேறு சாதியைச் சேர்ந்தவர் இல்லை. தற்செயலுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

நம் வரலாற்றில் இந்தப் பதவிக்கு ஒரு பழைய பெயர் உண்டு: கங்காணி. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தவர், தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் கூட்டிப்போனவர், துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்துக்கும் பேசியவர். எந்தத் தெருவிலிருந்து வந்தவர்களை வேலை வாங்க வேண்டுமோ அந்தத் தெருவிலிருந்தே ஒருவரை மேலே தூக்கி நிறுத்துவது, அடிப்பதற்குச் செலவில்லாத வழி. என் மாடியில் நின்ற பெண்கள் என்னை “அக்கா” என்றார்கள். அந்த “அக்கா”வை வைத்துத்தான் அவர்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்க முடியும் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. கங்காணிக்காவது ஆள் கணக்குக்குக் காசு வந்தது. கையில் அதிகாரம் இருந்தது. உதவி மேலாளருக்கு வருவது பழி மட்டும்.

வாசலைத் திறந்த சட்டம்

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு நிர்ணய சபை இரண்டு முக்கியமான விதிகளை விவாதித்தது. ஒன்று தீண்டாமையை ஒழித்த விதி, இன்றைய 17. மற்றொன்று இன்றைய 15. சாதியின் பெயரால் யாரையும் கடைகளிலும் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் தடுக்கக் கூடாது என்பது 15(2). ‘கடை’ என்றால் என்ன என்று சபையில் கேள்வி வந்தபோது, சேவை தர முன்வரும் எந்த இடத்தையும் குறிக்கும் பரந்த பொருளில்தான் அந்தச் சொல் வைக்கப்பட்டிருக்கிறது என்று அண்ணல் விளக்கினார். அரசமைப்பின் அடிப்படை உரிமைகளில் ‘கடை’ என்ற சொல் இடம்பெற்றதற்குப் பின்னால், காசை எட்டி நின்று வைத்துவிட்டுப் பொருளை எட்டி நின்று எடுத்துக்கொண்ட தலைமுறைகளின் அவமானம் இருக்கிறது. அது முடிந்துபோன கதையும் இல்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாடே பார்த்தது.

ஆனால் நகரத்தின் பெரிய கடைகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. நம் பணத்துக்கு அங்கே தீட்டு கிடையாது. வாடிக்கையாளராக உள்ளே போனால் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். விற்பனை மேசைக்கு இந்தப் பக்கம் சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. அந்தப் பக்கம்? அரசு வேலையில் சமவாய்ப்பை உறுதி செய்யும் 16ஆம் விதி தனியார் கடையின் படியோடு நின்றுவிடுகிறது. குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955 தீண்டாமையின் பெயரால் ஒருவரை வேலையிலிருந்து தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் ‘நம்ம ஆளு வேணும்’ என்ற வாக்கியத்தை எந்தக் காவல் நிலையத்தில் புகாராக எழுத முடியும்? அதில் சாதிப் பெயர் இல்லை, வசை இல்லை, அடி இல்லை. அன்பான குரலில் சொல்லப்பட்டது வேறு.

‘அவங்க கடை, அவங்க இஷ்டம்’

இப்படிப் பேசினால் நண்பர்களே எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. சொந்தப் பணத்தில் கடை வைத்தவர் சொந்தக்காரரைக் கல்லாவில் உட்கார வைக்கிறார். இதில் என்ன தவறு? அவர்களும் கீழே இருந்து வந்தவர்கள்தானே?

இரண்டாவது பாதி உண்மை. தமிழ்நாட்டின் வணிகச் சமூகங்கள் எல்லாமே தொடக்கத்திலிருந்து பணத்தோடு இருந்தவை அல்ல. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. வியாபாரத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று எடுத்துவைத்து, பள்ளி கட்டி, கடன் கொடுத்து, ஊர்விட்டு ஊர் வந்த பையனுக்குச் சோறும் வேலையும் கொடுத்து எழுந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வரலாறு சொல்வது என்ன? முதலீடு தனி ஒருவரின் வியர்வையில் மட்டும் வளர்வதில்லை. சரக்கைக் கடனாகத் தர ஓர் உறவு, தொழில் பழக ஒரு கடை, கடைவீதியில் ஓர் இடம் வேண்டும். நிலமில்லாத, கடைவீதிக்குள் விற்பவராக நுழைய முடியாத, கையால் தொட்ட உணவை வாங்க ஆளில்லாத மக்களுக்கு எந்த மகமை இருந்திருக்க முடியும்? சாதியாகச் சேர்ந்து சேர்த்த முதலீட்டை இன்று ‘தனியார் சொத்து’ என்று பெயர் மாற்றி, அதற்குள் யார் நுழையலாம் என்பது எங்கள் இஷ்டம் என்றால், தடுக்கப்பட்டவர் தடுப்பவராக மாறியிருக்கிறார் என்றுதான் பொருள்.

தவிர, ‘தனியார்’ என்பது எவ்வளவு தனியார்? சாலை பொதுப்பணம். மின்சாரம், குடிநீர், காவல், தீயணைப்பு எல்லாம் பொது. கடையின் கட்டட அனுமதியிலிருந்து, 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019 முதல் கிடைத்துவரும் சலுகை வரை அரசு தருவது. இவ்வளவையும் பொதுவிலிருந்து வாங்கிக்கொள்ளும் இடம், ஆள் எடுக்கும்போது மட்டும் வீட்டுத் திண்ணையாக மாறிவிடக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, தனியார் வேலைவாய்ப்பில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம். அடி, வசை என்று இல்லாமல், ஆள் எடுப்பிலும் பதவி உயர்விலும் உள்ள பாகுபாட்டைப் பார்க்கும் சட்டம். நேர்காணலில் தெரு, குலதெய்வம், குடும்பத் தொழில் கேட்பதைத் தடை செய்ய வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தப் பதவியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் எத்தனை பேர், புராட்டஸ்டன்ட் எத்தனை பேர் என்று நிறுவனங்கள் கணக்குக் கொடுக்க 1989ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நம் ஊரில் சேலை எத்தனை என்று தினமும் எண்ணும் கடைக்கு, கல்லாவில் யார், குடோனில் யார் என்று ஆண்டுக்கு ஒரு முறை எண்ணிச் சொல்வது பெரிய வேலை இல்லை. தனியார் துறை இடஒதுக்கீடு என்ற நம் நீண்டகாலக் கோரிக்கைக்கும் இந்தக் கணக்குதான் அடித்தளம்.

மூன்றாவது, பெயருக்கு மேலாளர் என்ற ஏமாற்றுக்கு முடிவு. ஆள் எடுக்கவும் நீக்கவும் செலவு செய்யவும் அதிகாரம் இல்லாத எவரையும் சட்டம் தொழிலாளியாகவே பார்க்க வேண்டும். 8 மணி நேரம், மிகைநேரக் கூலி, வார விடுப்பு, உட்கார நாற்காலி எல்லாம் அவருக்கும் சேர வேண்டும்.

இவை தானாக வராது. நாற்காலிச் சட்டம் முதலில் வந்த கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான பி. விஜி, கடைப் பெண்களைத் திரட்டி முதலில் கேட்டது கழிப்பறை. அப்புறம் கேட்டது நாற்காலி. ஆண்டுக்கணக்கில் போராடித்தான் 2018இல் அந்தத் திருத்தம் வந்தது. அங்கே சங்கம் முந்தி, சட்டம் பிந்தி. இங்கே சட்டம் வந்துவிட்டது. கடைத் தொழிலாளர்களிடம் வலுவான சங்கம் இல்லை. அதனால்தான் பல கடைகளில் இருக்கை வாங்கிப் போட்டிருக்கிறார்கள், உட்காரத்தான் யாருக்கும் துணிவில்லை.

நம் இயக்கத் தோழர்களிடம் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் வாசகர் வட்டம், கருத்தரங்கு, ஆர்ப்பாட்டம் எல்லாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடக்கின்றன. கடைத் தொழிலாளிக்கு வாரத்தில் மூச்சுவிட நேரமில்லாத நாள் அதுதான். ஏப்ரல் 14 அன்று நாம் மாலை போட்டுக்கொண்டிருக்கும்போது, புத்தாண்டுத் துணி வாங்க வந்த கூட்டத்துக்கு நம் தெருப் பெண்கள் சேலை விரித்துக்கொண்டிருக்கிறார்கள். தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், 1958இன்படி, சட்டமே பெயர் சொல்லித் தரும் தேசிய விடுமுறைகள் போக, கடைகள் ஆண்டுக்கு மேலும் 5 நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று ஏப்ரல் 14 ஆக வேண்டும் என்று கேட்டு ஒரு துண்டறிக்கை போதும், ஒரு கடைவீதியில் பேச்சைத் தொடங்க.

அவர்களுக்கு வார விடுப்பு பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன். விடுதிக்குத் திரும்பும் நேரம் இரவு 11 மணி. அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த விடுதி இருக்கும் தெருமுனையில் ஒரு கூட்டம் போடுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போதும். அவர்களில் சட்டைப்பையில் ‘உதவி மேலாளர்’ என்ற அட்டையோடு ஒருவர் நின்றால், அவரை நிர்வாகத்தின் ஆள் என்று ஒதுக்காதீர்கள். வருகைப் பதிவேடும் வேலை நேரக் கணக்கும் அவர் கையில்தான் இருக்கின்றன. நமக்கு வேண்டிய முதல் ஆவணம் அது.